கரை உடைந்திருக்காது

அமலி,

தைக்கக் கொடுத்த துணிகளை வாங்க நீ விராலிமலைக்குப் போயிருக்கிறாய். அப்பா வயலுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு மேசைமேல் உன் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் நீ வேலைக்காக ஒடிசாவுக்கு ரயில் ஏறுகிறாய். உன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, அந்த வைவா, முடிந்து ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து நான் உன்னோடு பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, குளித்தாயா, கதவைச் சாத்து என்பதோடு சரி. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லை, பிள்ளை. வேலை பார்த்த காலமெல்லாம் வகுப்பில் ஓயாமல் பேசியே பிழைத்தவள் நான். வாயடைத்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. வைவா நடந்த மண்டபத்தில் நீ சொன்னதைக் கேட்டு அதிர்ந்துபோனேன். அந்த அதிர்ச்சி இன்னும் என் உடம்பைவிட்டு இறங்கவில்லை. பேச வாயெடுத்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ சம்மதித்தால் இதை நம் பங்குப் பத்திரிகைக்கும் கொடுப்பேன். எல்லார் முன்னாலும் நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் இதில் மறுபடி சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்.

வேளாண் பொறியியல் முடித்துவிட்டு நீ முனைவர் பட்டத்துக்குச் சேரப்போவதாகச் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வங்கித் தேர்வு எழுதினால் சம்பளம் வரும், இது எதற்கு என்றார். உன் ஆராய்ச்சியின் தலைப்பை நீ வாசித்துக் காட்டினாய். விவசாய நிலப்பரப்பின் நீர்த் தாங்குதிறன் என்று வந்தது. அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்டார். "மழை பொய்ச்சாலும் தாங்கணும், கொட்டுனாலும் தாங்கணும்ப்பா. அந்தத் தாங்குற சக்தி எங்கிட்டு இருக்குன்னு பாக்கப்போறேன்" என்றாய். "எங்கிட்டு இருக்கு, விவசாயி தலமேலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். ஆனால் நீ நம் கண்மாயையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் அவருக்குள் என்னவோ மாறிவிட்டது. மடைக்கல்லில் நீ பெயின்ட் அடித்து அளவுகோல் பதித்த நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பள்ளிக்கூட மொட்டை மாடியில் மழைமானி வைத்தாய். கோடையில் காய்ந்த கண்மாய்க்குள் கம்பு ஊன்றி ஊன்றி வண்டல் எவ்வளவு ஆழம் கிடக்கிறது என்று பார்த்தாய். மேலக் கண்மாய் நிறைந்தால் அதன் மிச்சம் நம் கண்மாய்க்கு, நம்முடையது நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளதற்கு என்று சங்கிலியாகப் போகும் தண்ணீரை ஒரு வரைபடத்தில் நீலக் கோடுகளாகப் போட்டு வீட்டுச் சுவரில் ஒட்டினாய். முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் நாற்று விடும் முன்பு உன்னை வந்து கேட்க ஆரம்பித்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் அந்தக் கார்த்திகை மழை வந்தது. விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மழை ஒரு நாள் மதியத்துக்கு மேல் கொட்டத் தொடங்கியது. மேலக் கண்மாய் உடைந்துவிட்டது என்று போன் வந்தது. வரும் வழியில் பாலத்தடியில் ரோடு அறுந்துவிட்டதால் தாசில்தார் ஜீப் அங்கேயே நிற்கிறது என்று இன்னொரு போன் வந்தது. நம் கண்மாயில் தண்ணீர் நீ பதித்த அளவுகோலை முழுக்க மூடிவிட்டது. கரைக்கு அடியில் குடியிருக்கிறவர்களின் தெருவில், ராக்கு வீட்டு அடுப்படியில், தரையிலிருந்து ஊற்று மாதிரித் தண்ணீர் கிளம்பியது. பாதி ஜனம் பிள்ளைகளையும் ஆடுகளையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தது. ராக்கு வீட்டார் உட்பட மீதிப் பேர் பிள்ளைகளோடு இன்னும் தெருவில்தான் இருந்தார்கள். ஊராட்சித் தலைவி நேராக உன்னிடம் வந்தார். நீ பள்ளிக்கூட வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாரல் அடிக்காமல் நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுந்து நின்று சொன்னது இதுதான். மேலக் கண்மாய்த் தண்ணீர் பூராவும் இங்கே வந்து சேர்ந்தால் பொழுது சாய்வதற்குள் கரை உடையும். உடைந்தால் அந்தத் தெரு இருக்காது. தெற்குக் கோடியில் கரையை நாமே வெட்டிவிட்டால் தண்ணீர் வயல்களின் வழியாகக் காட்டாற்றில் போய் விழும். அந்தப் பக்கம் வீடு இல்லை. எல்லாரும் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்தது நம் வயலும் சவரி மாமா வயலும். நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, நம்ம வயல் போயிரும். மாமா வயலும் போயிரும்" என்றாய். நீ என்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னாய். கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற பயிர் அது, அமலி. மயிலை விரட்டி விரட்டித் தொண்டை கட்டிப்போன பயிர். என் வயிற்றிலிருந்து வந்த பிள்ளைதானா இப்படிப் பேசுகிறது என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அடுத்த நொடி, "வெட்டச் சொல்லு" என்று நானே சொன்னேன்.

சவரி மாமா நம் வயலுக்கு அடுத்த வயல்காரர். நமக்குச் சொந்தமில்லை, ஆனால் நீ பிறந்ததிலிருந்து உனக்கு அவர் மாமாதான். நமக்கு என் ஓய்வூதியம் இருந்தது. அவருக்கு அந்த வயலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார். தலையில் போட்டிருந்த உரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நிச்சயமா ஒடையுமா பாப்பா?" என்று கேட்டார்.

"உடையும் மாமா" என்றாய்.

அவர் போய்த் தன் மோட்டார் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் தலைவி அனுப்பிய ஜேசிபி தெற்குக் கோடிக்குப் போய்விட்டது. வெட்டிய இடத்தில் தண்ணீர் முதலில் ஒரு வாய்க்கால் போலத்தான் ஓடியது. பிறகு கரையைத் தின்று அகலப்படுத்திக்கொண்டு, நிற்கிற பயிரைச் சாய்த்துக்கொண்டு போனது. வேரோடு பிடுங்கிக்கொண்டு போன இடங்களும் உண்டு. அப்பா அதைப் பார்க்கவில்லை, திரும்பி நின்றுகொண்டார். சவரி மாமா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் இரண்டு வயலும் மணல் மேடாகிக் கிடந்தன. நம் வயலைவிட அவருடையதில்தான் மணல் அதிகம்.

அந்தத் தெரு அப்படியே நின்றது. ஒரு ஓடுகூடச் சரியவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியில் பங்குச் சாமியார் உன் பெயரைச் சொன்னார். ஊராட்சியில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூடவே சவரி மாமாவுக்கும் போர்த்தினார்கள். அவர் அதை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டார். வயலை மீட்க வழியில்லாமல் நெடுஞ்சாலையில் ஒரு மில்லில் காவலுக்குச் சேர்ந்தார். காக்கிச் சட்டையில் சைக்கிளில் போகிறவரை யாராவது நிறுத்தித் துக்கம் விசாரித்தால், "அம்புட்டுப் பிள்ளைகளும் உசுரோட இருக்குல்ல" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த நாட்களைத் தாண்டினார் என்று நான் நினைத்திருந்தேன். நாமும் அதைத்தானே பிடித்துக்கொண்டிருந்தோம்.

இனி வைவா. அது பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நீ சொன்னதும் அப்பா வேன் பிடித்தார். தலைவி வந்தார், ராக்கு வந்தாள், இன்னும் சிலர் வந்தார்கள். சவரி மாமா மில்லில் விடுப்புக் கேட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து வேனில் ஏறினார். பெருமையில் வருகிறார் என்று நினைத்து அவருக்கு முன் இருக்கை கொடுத்தேன். மண்டபத்தில் நாம் இரண்டாவது வரிசையில் இருந்தோம். உன் படங்கள் திரையில் வந்தன. நம் மடை வந்தது, நம் பள்ளிக்கூட மாடி வந்தது. ராக்கு என் கையைச் சுரண்டி, தன் வீடு தெரிகிறது என்றாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிதானமான மனிதர். அந்தக் கார்த்திகை மழையைப் பற்றிக் கேட்டார். அன்று கரையை வெட்டச் சொன்னது நீங்கள்தான் என்று அறிகிறேன், இன்று உங்கள் கையில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் அது தேவைதானா என்றார்.

அந்தக் கேள்விக்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல்லித் தப்பித்திருக்கலாம். அன்று கையில் இருந்த விவரம் அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். நீ எங்கள் வரிசையை ஒரு தடவை பார்த்தாய். பிறகு தேர்வாளரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாய். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு வந்தாய்.

"மேலக் கம்மாத் தண்ணி பூராவும் நம்ம கம்மாய்க்கு வரும்னு கணக்குப் போட்டேன். வரல. பாலத்துக்கிட்ட ரோடு அறுந்துச்சுல்ல, அந்த வழியா முக்காவாசித் தண்ணி மேக்க திரும்பி வேற ஓடையில போயிருச்சு. நான் வெட்டச் சொன்ன நேரத்துக்கு வரத்து கொறைய ஆரம்பிச்சிருச்சு. கரை உடைஞ்சிருக்காது. நான் உடையும்னு சொன்னேன். அது தப்பு."

ரோடு அறுந்தது நம் எல்லாருக்கும் தெரியும். ஜீப் வரவில்லை என்றுதான் அன்றைக்கு எல்லாரும் கவலைப்பட்டோம். ரோடு அறுந்த வழியில் தண்ணீரும் போகும் என்று ஊரில் ஒருத்தர்கூட நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் நான் யோசித்தது வெகுநேரம் கழித்துத்தான். அந்தக் கணத்தில் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து முன் வரிசைக்கு உருண்டு போனதை என்னுடையது இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து வெளியே போனார். தலைவி தன் கைப்பையை மூடினார், திறந்தார், மூடினார். நான் சவரி மாமாவைப் பார்க்கப் பயந்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அசையவே இல்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அவருடைய வயலை எடுத்தாள், அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்த ஒரே ஒரு ஆறுதலையும் இப்போது இத்தனை பேர் முன்னால் பிடுங்கிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. உனக்குப் பட்டம் கொடுக்கப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. நம் வரிசையில் யாரும் தட்டவில்லை. நானும் தட்டவில்லை, அமலி.

திரும்பும்போது சவரி மாமா வேனில் ஏறவில்லை, பஸ்ஸில் வருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னைக் கேட்டார். "அங்க போயி அதச் சொல்லணுமா? வீட்ல சொல்லக் கூடாதா?" நீ, "வீட்ல சொன்னா வீட்டோட போயிரும்ப்பா" என்றாய். எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று நான் கேட்டேன். போன வருஷமே தெரியும் என்றாய். மேற்கே இருக்கிற ஊர்களில் வெள்ளம் நின்ற அடையாளங்களை அளக்கப் போனபோது சந்தேகம் வந்ததாம், மழைக்குப் பிறகு செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து உறுதியானதாம். போன வருஷமே! ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஊர் உன்னைப் புகழும்போதெல்லாம் பக்கத்தில் நின்று நான் பூரித்துப் போனதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் இருந்திருக்கிறாய். இது மண்டபத்தில் கேட்டதைவிடப் பெரிய இடியாக என் தலையில் விழுந்தது.

ஊர் பேசியது உனக்கும் தெரியும். படித்த பிள்ளை சொன்னது என்று நம்பி வெட்டினோமே என்று சிலர். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கலாமா என்று டீக்கடையில் ஒருத்தர். ராக்கு மட்டும் வாசலில் வந்து நின்று, என் அடுப்படியில் தண்ணி கெளம்புனப்ப எந்தக் கணக்கு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியும் டீச்சர், ஒங்க புள்ள அன்னிக்கு எங்களத்தான நெனச்சுச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ உள்ளே இருந்து கேட்டாய், வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னாய். "இனிமே யாருக்கும் இதச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன்மா. அளப்பேன், எழுதுவேன், குடுத்துருவேன். வெட்டுறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணிக்கட்டும்." அதைக் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது. எதற்கு என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் சவரி மாமா வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. அவர் மாட்டுக்குத் தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். வாங்க டீச்சர் என்று எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி வெளியே வரவில்லை. கதவுக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது. "ஒங்க புள்ள டாக்டராயிருச்சு. எங்க வயலு மணலாயிருச்சு." தலையைக் குனிந்துகொண்டேன். உன் சார்பில் வருத்தம் சொல்ல வந்தேன் என்று ஆரம்பித்தேன். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் உங்களை அப்படி உட்கார வைத்துவிட்டாளே அண்ணே என்றேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னமே தெரியும் டீச்சர். பாப்பா வந்து சொல்லிருச்சு."

நாற்காலியின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

சந்தேகம் உறுதியானதும் நீ நேராக மில்லுக்கே போய், கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து அவரிடம் சொன்னாயாம். அவர் உன்னோடு பல மாதம் பேசவில்லையாம். வழியில் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார். நான் அதைக் கவனித்திருக்கிறேன், வேலைக் களைப்பு என்று நினைத்தேன். பிறகு போன ஐப்பசியில் ஒரு நாள் மழை வலுத்தது. கண்மாய் பாதிகூட நிறையவில்லை, அதற்குள் நாலு பேர் ஜேசிபியைக் கூட்டிக்கொண்டு தெற்குக் கோடிக்குப் போய்விட்டார்கள். போன தடவை வெட்டினோம், ஊர் பிழைத்தது, இந்தத் தடவையும் வெட்டிவிடுவோம் என்பதுதான் பேச்சு. சவரி மாமா வண்டிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். மழை விட்டதால் அன்று வண்டி திரும்பியது. இந்தக் கதையை நானும் கேள்விப்பட்டேன். ஏதோ தகராறு என்று காதில் வாங்கி விட்டுவிட்டேன். மறுநாள் அவர்தான் உன்னைத் தேடி வந்து பேசினாராம்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்புடி, எல்லாருக்கும் முன்னாடி சொல்லுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். "இல்லாட்டி மழ தூறுனாலே என் வயல்லதான் வெட்டுவாங்ய. அது பழக்கமாப் போயிரும்." ஊர்க்கூட்டத்தில் சொல்லத்தான் முதலில் பேசியிருக்கிறீர்கள். தலைவி தேதி கொடுக்காமல் இழுத்திருக்கிறார். வைவாவில் தேர்வாளர் தானாகக் கேட்டதும் நீ சவரி மாமா முகத்தைப் பார்த்தாய், அவர் தலையசைத்தார். இரண்டாவது வரிசையில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார். "கோவம் போகல டீச்சர். பொய் சொல்றதுக்கு எனக்கும் வராது. மணலப் பாக்குறப்பல்லாம் வருது." பிறகு தட்டையை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டு, தலை நிமிராமல், "ஆனா இனி மழை வந்தா பாப்பாகிட்டதான் கேப்பேன். தப்பாப் போனா வந்து சொல்லுதுல்ல. மத்தவங்ய எவன் சொல்றான்" என்றார்.

வீடு வரைக்கும் நான் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. எத்தனை அதிர்ச்சியைத்தான் ஒரு தாய் தாங்குவாள்? நீ தப்பாகச் சொன்னாய் என்பது ஒன்று. தெரிந்தும் ஒரு வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்பது இன்னொன்று. என்னிடம் சொல்லாததை அவரிடம் முதலில் போய்ச் சொல்லியிருக்கிறாய் என்பது எல்லாவற்றுக்கும் மேலே. பெற்றவள் நான் இருக்க, மில் வாசலில் காக்கிச் சட்டைக்காரரிடம். அதை நினைத்து நான் அழுதேன், ஒளிக்கவில்லை. அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. வயல் யாருடையதோ அவரிடம்தானே முதலில் சொல்ல வேண்டும்? நான் ஆறுதல்படுத்தியிருப்பேன். அன்றைக்கு யாருக்குத்தான் தெரியும், நீ நல்லது நினைத்துத்தானே சொன்னாய் என்று உன்னைத் தட்டிக்கொடுத்திருப்பேன். அந்தத் தட்டிக்கொடுத்தலைக் கேட்டுவிட்டு நீ மில்லுக்குப் போயிருப்பாயா? போயிருக்க மாட்டாய் என்றே நினைக்கிறேன். என்னிடம் வராமல் போனதற்கு உனக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அது எனக்கு வலிக்கிறது. ஆனால் புரிகிறது.

அப்பா இப்போது எங்கே போகிறார் என்று உனக்குத் தெரியாது. நம் வயலில் மணலை வாரிப் போட அவர் டிராக்டர் பேசியிருக்கிறார். வேலியைத் தாண்டிச் சவரி மாமா வயலிலும் ஓட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். இன்றும் கேட்கத்தான் போயிருக்கிறார். மாமா இன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அப்பா நாளைக்கும் போவார், எனக்குத் தெரியும். அதில் நீ தலையிடாதே. அது இரண்டு கிழவர்களும் பேசித் தீர்க்க வேண்டியது.

உனக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அன்றைக்கு என் நெஞ்சு திக்கென்றது எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன் என்றாயே, அதற்குத்தான். ஒடிசாவில் நீ வேலை பார்க்கப் போகும் இடமும் வருஷா வருஷம் வெள்ளம் வரும் நெல் பூமி என்று சொன்னாய். அங்கே என்னைப் போல ஒருத்தி, சவரி மாமாவைப் போல ஒருத்தர், கதிர் வந்த பயிருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டி, இதில் எல்லாம் இருக்கிறது, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று நீ நகர்ந்துவிட்டால், அவர்கள் யாரிடம் போவார்கள்? பயந்தவன் பேச்சைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவன் பேச்சைக் கேட்பார்கள். நீ அளந்ததும் எழுதியதும் எதற்கு? தெரியாததைத் தெரியாது என்று சொல். இவ்வளவு தெரியும், இது சந்தேகம், என் புத்திக்கு எட்டியவரை இதுதான் செய்யலாம் என்று சொல். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே. அன்றைக்கு நீ வாயைத் திறக்காமல் இருந்து, உன் கணக்கு சரியாகவும் இருந்திருந்தால், ராக்கு இன்று இல்லை. அந்தப் பயத்தையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். வயல் போனதை நினைப்பதைவிட அது என்னை அதிகமாக உலுக்குகிறது.

மறுபடியும் தப்பாகப் போகலாம். போகாது என்று யாரும் உனக்கு எழுதித் தர முடியாது. அப்படிப் போனால், இப்போது செய்தது போலவே செய். யாருடைய வயல் போனதோ அவர் வாசலுக்கு முதலில் போ. அவர் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார், அவர் வீட்டுப் பெண் கதவுக்குள் இருந்து சொல்லக் கூடாததைச் சொல்வாள். நின்று கேட்டுக்கொள். அதெல்லாம் முடிந்த பிறகு எனக்குச் சொல். கடைசியாகச் சொன்னாயே என்று இனி கேட்க மாட்டேன். கேட்டதும் அதிர்ந்துதான் போவேன், அது என் சுபாவம், கொஞ்ச நாள் பேசமாட்டேன். அப்புறம் உனக்குச் சோறு போடுவேன்.

விராலிமலை பஸ் வந்துவிட்டது, உன் குரல் கேட்கிறது. மேசையைக் காலி செய்ய வேண்டும். இன்றைக்கு உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வா, பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

அம்மா